துரைக்கு ஒரு ஆள்

மாமியார்: ...முடியாதுன்னா முடியாது. நாய்க்குப் பரீட்சைன்னு ஒரு ஆள் வருவாராம், அதுக்கு நான் நாற்காலி போட்டு உக்காரணுமாம். வேற வேலை இல்லையா எனக்கு?

மருமகள்: ஒரு மணி நேரம்தானே அத்தை...

மாமியார்: ஒரு நிமிஷம்னாலும் மாட்டேன். மொத வருஷம் இருந்தேனா? போன வருஷம் இருந்தேனா?

மருமகள்: மொத வருஷம் பல்வலின்னு கிளம்பிட்டீங்க. போன வருஷம் உங்க அண்ணன் வீட்ல அவசரம்னு போனீங்க. அவங்க அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போயிருந்தாங்களாம்.

மாமியார்: அது எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் தட்டிப் பார்த்துட்டு வந்தேன்.

மருமகள்: நாலு மணி நேரமாவா தட்டினீங்க?

மாமியார்: வாய் ரொம்ப நீளுது உனக்கு. இன்னைக்கும் போயிருப்பேன். இந்த ஓட்டல்காரன் நூத்தம்பது பெட்ஷீட்டை அவசரம்னு கொண்டு வந்து தலையில கட்டிட்டான்.

மருமகள்: சாயங்காலமே வேணுமாம் அத்தை. நான் என்ன பண்ணட்டும்.

மாமியார்: நான் இந்தத் திரைக்குப் பின்னாடி தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்... இந்தா, இதைப் போத்திக்கோ.

மருமகள்: உங்க சால்வையா? எனக்குக் குளிரலையே.

மாமியார்: குளிரும். ஒரு மணி நேரம் ஆடாம அசையாம உக்காரப் போறே. போத்திக்கோ.

மருமகள்: என்ன அத்தை இது, ஒரு மாதிரி வாடை...

மாமியார்: கம்பளின்னா வாடை இருக்கத்தான் செய்யும். போத்திக்கோன்னா போத்திக்கோ. வாசல்ல வண்டிச் சத்தம். அந்த ஆள்தான் போல.

பரிசோதகர்: வணக்கம். சலவைக்கடை இதுதானே? புகையன் ஜாதி நாய்ச் சங்கத்துலேருந்து வர்றேன். நாயைப் பார்க்கணும்.

மருமகள்: வாங்க சார், உள்ள வாங்க. இதோ, இவன்தான் துரை. துரை... மாமா வந்திருக்காங்க பாரு.

பரிசோதகர்: வேண்டாம்மா, கூப்பிடாதீங்க. அவனா பார்த்தா போதும். வண்டியை வாசல்லயே நிறுத்திட்டேன், கடைக்கு வர்றவங்களுக்கு இடைஞ்சல் இல்லையே?

மருமகள்: அது என்ன சார் பின்னாடி... கூண்டா?

பரிசோதகர்: கடிதத்துல எழுதியிருந்தோமேம்மா. இது மூணாவது தடவை. கடைசித் தடவை. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாயை மூணு வருஷத்துக்கு ஒரு வீட்ல விடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்போம். வீட்ல ஒருத்தரை அவன் தன் ஆளுன்னு காட்டிட்டா புத்தகத்துல ஏத்திட்டுப் போயிடுவோம். அப்புறம் அவன் உங்க நாய். காட்டலைன்னா...

மருமகள்: அந்தக் கூண்டு.

பரிசோதகர்: வேற வீடு, வேற மனுஷங்க. என் மேல கோவிச்சுக்காதீங்க. ஆள் இல்லாத புகையன் நாலஞ்சு வருஷத்துல சாப்பாட்டை நிறுத்திடும். கண்ணால பார்த்திருக்கேன்.

மாமியார்: போனா போகட்டும். ஒரு மூட்டை முடியைக் கூட்டற வேலை மிச்சம்.

பரிசோதகர்: யாரு, திரைக்குப் பின்னாடி?

மருமகள்: என் மாமியார் சார். நாயைக் கண்டா ஆகாது அவங்களுக்கு. இவன் வந்த அன்னைக்கே சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வச்சுக்கிட்டு, இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்லை நாய் இருக்கணும்னு சொன்னவங்க.

பரிசோதகர்: அப்புறம் ரெண்டு பேரும் இருக்கீங்களே?

மாமியார்: என் மகன் கப்பல்ல சமையலுக்குப் போயிட்டான். வருஷத்துல பத்து மாசம் தண்ணியில. இவளுக்கு ஒரு துணை வேணுமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி. நாய்க்குப் பேரைப் பாருங்க, துரையாம். நாய்க்குப் பேர் முத்துமாலைன்னு சும்மாவா சொன்னாங்க.

பரிசோதகர்: சரிதான். மொதல்ல உடம்பைப் பார்த்துடறேன். ஏய் துரை... நில்லு ராஜா... நல்லா இருக்கான். விலா எலும்பு மூணு தெரியுது, தெரியணும். மார்பு நல்லா இறங்கியிருக்கு. ரோமம் அசல் புகைதான். எங்கே படுக்கை?

மருமகள்: கடைக்குள்ளதான் சார். அந்தச் சாக்கு மேல. மாடிக்கு ஏறக் கூடாதுன்னு அத்தை உத்தரவு.

பரிசோதகர்: இந்தச் சாக்கு மேலயா? மூணு வருஷமாவா?

மருமகள்: ஆமா.

பரிசோதகர்: ஆச்சரியமா இருக்கே. இந்த ஜாதிக்கு உடம்புல கொழுப்புன்னு ஒரு துளி கிடையாது. எலும்பு மேல தோலைப் போர்த்தின மாதிரிதான். கெட்டியான தரையில ஆறு மாசம் படுத்தா முழங்கையில காய்ப்பு காய்ச்சுடும். இவனுக்குப் பாருங்க, குழந்தை கன்னம் மாதிரி இருக்கு.

மாமியார்: நல்ல சாக்கு தம்பி அது.

பரிசோதகர்: நகம் யார் வெட்டறது?

மருமகள்: நான்தான். மாசம் ஒரு தடவை.

பரிசோதகர்: வெட்டின நகம் இல்லையேம்மா இது. அரம் வச்சு ராவி உருட்டின நகம். நிதானமா, பொறுமையா யாரோ பண்ணியிருக்காங்க.

மாமியார்: சிமெண்டுத் தரை. தானா தேய்ஞ்சிருக்கும்.

பரிசோதகர்: இருக்கலாம், இருக்கலாம். சரி, பரிசோதனையை ஆரம்பிப்போம். இவன் நடுவுல இந்த விரிப்பு மேல. நீங்க அந்த நாற்காலி, நான் இந்த நாற்காலி. அம்மா, நீங்களும் வந்து உக்காரணும். வீட்ல இருக்கிற எல்லாரும்னு விதி.

மாமியார்: நான் இந்த வீட்டு ஆளே இல்லைன்னு எழுதிக்குங்க. கடையில தேய்க்கிற கூலிக்காரி.

மருமகள்: அத்தை...

மாமியார்: இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு. விட்டுட்டு வந்தா ஓட்டல்காரனுக்கு யார் பதில் சொல்றது?

பரிசோதகர்: இருக்கட்டும். அங்கேயே இருங்க, அப்புறம் பார்த்துக்கலாம். மணி பத்து அஞ்சு. பதினொண்ணு அஞ்சு வரைக்கும். அவனைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, தீனி காட்டக் கூடாது. அவனா எழுந்து வந்து, உக்காந்திருக்கிற ஒருத்தர் முழங்கால் மேல தாடையை வைக்கணும். அதுதான் கணக்கு. ஆனா நாம பேசிக்கிட்டே இருக்கணும். தினமும் பேசற மாதிரி.

மருமகள்: ஏன் சார், பேசாம இருந்தா என்ன?

பரிசோதகர்: மனுஷன் வாயை மூடினா ஏதோ வேட்டைன்னு நினைச்சுப் படுத்துக்கும். அது அதோட ரத்தத்துல இருக்கு. அந்தக் காலத்துல ஆத்தோர நாணல்ல முயல் வேட்டைக்கு வளர்த்தாங்க. ஒரு வேட்டைக்காரன், ஒரு நாய். பெரிய கூட்டமெல்லாம் கிடையாது. நாணலுக்குள்ள மூச்சுக் காட்டாம படுத்துக் கிடக்கும். குரைச்சா முயல் ஓடிடும்ல? அதனால குரைக்கிறதையே மறந்துபோன ஜாதி.

மாமியார்: குரைக்கிற நாய் கடிக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது குரைக்கவும் மாட்டேங்குது, கடிக்கவும் மாட்டேங்குது. பின்ன எதுக்கு நாயா பொறக்கணும்?

பரிசோதகர்: தூங்கறதுக்கும்மா. பதினெட்டு மணி நேரம் தூங்கும். பத்து நிமிஷம் ஓடும்.

மருமகள்: அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்க்கணும் சார். காலையில மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். கயிறை அவுத்ததும்... கால் தரையில படுதான்னே தெரியாது. சுத்தி நடக்கிறவங்க எல்லாம் நின்னுடுவாங்க.

பரிசோதகர்: சாப்பிட்ட உடனே ஓட விடறது இல்லையே?

மாமியார்: ஐயையோ, கூடவே கூடாது. இவ்வளவு ஆழமான மார்புல வயிறு ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கும். அப்படியே முறுக்கிக்கும். மூணு வேளையா பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வைக்கணும். வச்ச பிறகு ஒரு மணி நேரம் அசையக் கூடாது.

பரிசோதகர்: ...பரவாயில்லையே. உங்களுக்கு யார் சொன்னது?

மாமியார்: இவதான் ஓயாம சொல்லிக்கிட்டு இருப்பாளே. காதுல விழுந்து தொலையுது.

மருமகள்: ஊஞ்சல்னு நான் சொன்னதே இல்லையே அத்தை.

மாமியார்: சொன்னே, சொன்னே. நீ பேச்சை வளர்க்காம உக்காரு.

பரிசோதகர்: அப்புறம் வேட்டைக்குத் தடை வந்துச்சு. ஆளாளுக்கு நாயை அவுத்து விட்டுட்டாங்க. வேற ஜாதியா இருந்தா அடுத்த தெருவுல ஒரு சோத்தைத் தின்னுட்டு வாலாட்டிட்டு இருந்திருக்கும். இதுங்க அவுத்து விட்ட இடத்துலயே உக்காந்து, உக்காந்து... போச்சு. கடைசியில மிஞ்சினது பதினொண்ணு.

மருமகள்: பதினொண்ணுதானா?

பரிசோதகர்: ரயில்வே கேட்ல ஒரு அம்மா வேலை பார்த்தாங்க. தண்டவாளத்தோரம் உக்காந்து கிடந்ததை எல்லாம் ஒண்ணொண்ணா பொறுக்கிட்டு வந்தாங்க. அவங்க எழுதின நோட்டுதான் எங்க புத்தகம். இடது பக்கம் நாய் பேரு, வலது பக்கம் ஆள் பேரு. வலது பக்கம் காலியா இருந்தா இடது பக்கத்துலயும் எழுத மாட்டோம். இன்னைக்கு மொத்தம் அறுபத்து மூணு. அதுல குட்டி போட வைக்கிற மாதிரி தெம்பான, ரத்த உறவு கலக்காத ஆண் ஏழே ஏழு. இவன் தேறினா எட்டு.

மருமகள்: தேறலைன்னா?

பரிசோதகர்: ஆள் இல்லாத ஆண் நாய் பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ...மணி என்ன? பத்து இருபத்தஞ்சு.

மருமகள்: அவன் அசையவே இல்லை சார்.

பரிசோதகர்: பார்க்காதீங்கன்னு சொன்னேனே.

மருமகள்: பார்க்கலை. கண்ணாடிக் கதவுல தெரியுது.

பரிசோதகர்: பேசுங்க. இவன் குணம் எப்படி?

மருமகள்: ரோஷக்காரன் சார். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளரோட பட்டுத் துணி மேல ஏறிப் படுத்துட்டான். நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். ரெண்டு நாள் சாப்பிடலை. சுவத்தைப் பார்த்துக்கிட்டு...

மாமியார்: மூணு நாள்.

மருமகள்: ரெண்டு நாள்தான் அத்தை. மூணாம் நாள் தட்டு காலியா இருந்துச்சே.

மாமியார்: ...ஆமா. ரெண்டு நாள்தான். எனக்கென்ன தெரியும்.

பரிசோதகர்: மூணாம் நாள் யாராவது கையில ஊட்டியிருப்பாங்க. இந்த ஜாதிக்கு முகம் வாடிட்டா தட்டுல வச்சாத் தின்னாது.

மாமியார்: இந்த இஸ்திரிப் பெட்டியில ஆவி சரியா வர மாட்டேங்குது. என்ன மெஷினோ...

பரிசோதகர்: ஒண்ணு கவனிச்சீங்களாம்மா? நீங்க தேய்க்கும்போது புஸ் புஸ்னு சத்தம் வருதுல்ல, அப்ப இவன் தலையைக் கீழ வச்சுக்கறான். சத்தம் நின்னா காதை நிமிர்த்தறான். மறுபடி சத்தம் வந்தா மறுபடி தலையைக் கீழ வைக்கிறான்.

மாமியார்: நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை. அதுபாட்டுக்கு எதையாவது ஆட்டிக்கிட்டு இருக்கும்.

மருமகள்: மணி பத்து நாப்பது... சார், போன ரெண்டு தடவையும் இப்படித்தான். கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் இவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப ராவும் பகலும் பார்த்துக்கிட்டேன். நான்தான் ஓடக் கூட்டிட்டுப் போறேன், துடைச்சு விடறேன். என்கிட்ட அன்பாத்தான் இருக்கான். ஆனா...

பரிசோதகர்: அன்பு வேற, ஆள் வேறம்மா. உங்க மேல குத்தம் இல்லை.

மாமியார்: அவளை அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அவளை விட்டா வேற யாரு அவனுக்கு ஆளு? கொஞ்சம் பொறுங்க. வருவான். இப்ப வருவான் பாருங்க.

பரிசோதகர்: ...எழுந்துட்டான்.

மருமகள்: யார்கிட்ட சார்? நான் பார்க்கலை. யார்கிட்ட?

பரிசோதகர்: உங்ககிட்டதான் வர்றான். மூச்சு விடுங்க. பேசுங்க.

மருமகள்: என்ன பேச... ஓட்டல் பெட்ஷீட்டுக்குக் கஞ்சி போடறது இல்லை சார், ஆனா தலையணை உறைக்குப் போடுவோம்...

பரிசோதகர்: சால்வையை மோந்து பார்க்கிறான். நல்லா மோக்கிறான். முழங்கால் பக்கத்துல வந்துட்டான்...

மாமியார்: வச்சுட்டானா? தாடையை வச்சுட்டானா?

பரிசோதகர்: இல்லை. உங்க முகத்தை நிமிர்ந்து பார்த்தான். திரும்பிட்டான். திரைப் பக்கம் போறான்.

மாமியார்: ஏய், இங்க எதுக்கு வர்றே? போ அந்தப் பக்கம். போடா... அவகிட்ட போ... சொன்னாக் கேளுடா கண்ணு...

பரிசோதகர்: கண்ணா?

மாமியார்: கண்ணு எரியுதுன்னு சொன்னேன். ஆவியில.

பரிசோதகர்: அம்மா, அந்தச் சால்வை யாரோடது?

மருமகள்: அத்தையோடது சார்.

பரிசோதகர்: துவைச்சு எத்தனை நாள் ஆச்சு?

மாமியார்: சலவைக்கடையில துவைக்காத துணி ஏது?

பரிசோதகர்: ஊர் அழுக்கை எல்லாம் வெளுக்கிற சலவைக்கடை. ஓட்டல் பெட்ஷீட் பால் மாதிரி இருக்கு. இங்கே ஒரே ஒரு அழுக்குச் சால்வை. அதுவும் மருமக மேல.

மாமியார்: ஒரு வாரம்.

மருமகள்: ஒரு வாரமா துவைக்காம வச்சிருந்தீங்களா? நீங்களா?

மாமியார்: ராத்திரி போத்திக்கிட்டுத்தான் படுத்தேன். என் வாசனை ஏறட்டும்னு. அதை நீ போத்திக்கிட்டா உன்னை நான்னு நினைச்சு உன் மடியில வந்து... கர்மம், நாப்பது வருஷமா துணியில வர்ற வாசனையை வச்சே யார் வீட்டுத் துணின்னு சொல்றவ நான். நாய்க்கு அதுகூடத் தெரியாதான்னு நினைச்சேன்.

பரிசோதகர்: வேற நாயா இருந்தா ஏமாந்திருக்கும். புகையன் மூக்கை நம்பி ஓடற ஜாதி இல்லைம்மா. கண்ணை நம்பி ஓடறது. அரை மைல் தூரத்துல முயல் காது அசைஞ்சா பிடிச்சுடும். ரெண்டடியில உங்க முகம் இல்லைன்னு தெரியாமலா போகும்?

மாமியார்: அந்த சூட்சுமம் எனக்கு யாரும் சொல்லலையே.

பரிசோதகர்: திரைக்குப் பின்னாடி வந்து நின்னது கணக்குல வராது. நாற்காலியில உக்காந்திருக்கிற ஆள், முழங்கால் மேல தாடை. மணி பத்து அம்பத்தஞ்சு. இன்னும் பத்து நிமிஷம். வந்து உக்காருங்கம்மா.

மாமியார்: உக்கார மாட்டேன்.

மருமகள்: அத்தை, கூண்டு வாசல்ல நிக்குது.

மாமியார்: தெரியும். நான் உக்காந்தா அவன் என்கிட்டதான் வருவான். அதுவும் தெரியும். அதனாலதானே ரெண்டு வருஷமா பல்வலி, அண்ணன் வீடுன்னு ஓடினேன்.

மருமகள்: வந்தா வரட்டுமே...

மாமியார்: எப்படிடி வரட்டும்? கல்யாணம் ஆன மூணாம் மாசம் உன் புருஷன் கப்பல் ஏறிட்டான். இந்தக் கடை என் பேர்ல. வீடு என் பேர்ல. நீ ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினது இது ஒண்ணுதான். அதையும் இந்தக் கிழவி பிடுங்கிக்கிட்டான்னு ஆயிடக் கூடாது. உனக்குன்னு ஒரு ஜீவன் இருக்கட்டும்னு நினைச்சேன்.

பரிசோதகர்: ஒன்பது நிமிஷம்.

மருமகள்: நீங்க உக்காரலைன்னா உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை அத்தை. அந்தக் கூண்டுக்குத்தான். கதவைத் திறந்து ஏத்தும்போது உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பான். பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா உங்களால?

மாமியார்: பெட்டியை அணைச்சியா? இரு, நானே அணைக்கிறேன். ...எங்கே அந்த நாற்காலி. ம்... உக்காந்துட்டேன். போதுமா?

பரிசோதகர்: நேரா உக்காருங்க. அவனைப் பார்க்காதீங்க.

மாமியார்: பார்க்கலை.

பரிசோதகர்: கூப்பிடாதீங்க.

மாமியார்: கூப்பிடலை.

மருமகள்: வந்தான் சார், வந்தான்... ஐயோ, நடுவுல உக்காந்துட்டான்.

பரிசோதகர்: இவங்க உடம்பு விறைச்சுப் போயிருக்கு. என்னமோ ஆகப் போகுதுன்னு அவனுக்குப் புரியுது. பேசுங்கம்மா. தினம் பேசற மாதிரி.

மாமியார்: தினம் நான் என்ன பேசறேன்... எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குதே தம்பி.

பரிசோதகர்: ஆறு நிமிஷம்.

மருமகள்: அத்தை.

மாமியார்: என்ன?

மருமகள்: நேத்து அந்த டாக்டரம்மாவோட வெள்ளைக் கோட்டைச் சிவப்புத் துண்டோட சேர்த்து மெஷின்ல போட்டுட்டேன்.

மாமியார்: என்னது?

மருமகள்: ரோஸ் கலர் ஆயிடுச்சு. உங்களுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கேன்.

மாமியார்: அடிப்பாவி. எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வெள்ளையைத் தனியாப் போடு, வெள்ளையைத் தனியாப் போடுன்னு. காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே? பதினாறு வருஷ வாடிக்கைடி அந்த அம்மா. ஒரு பொத்தான் அறுந்ததுன்னு இந்த வாசல் மிதிச்சு ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. நாளைக்கு ரோஸ் கலர் கோட்டைப் போட்டுக்கிட்டு ஊசி போடப் போவாங்களா? சிரிக்கிறியா? சிரி, நல்லா சிரி. துணியைப் பிரிக்கத் தெரியலை, இதுல இவளுக்குக் கடையை எழுதி வைக்கணும்னு நான் வேற நினைச்சுக்கிட்டு... இப்ப எதுக்கு ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கறீங்க?

பரிசோதகர்: கீழ பாருங்கம்மா. இப்ப பார்க்கலாம்.

மருமகள்: வச்சுட்டான். சார், வச்சுட்டான். தாடை முழுசா முழங்கால் மேல இருக்கு.

பரிசோதகர்: பதினொண்ணு மணி, ஒரு நிமிஷம். நாலு நிமிஷம் மிச்சம் வச்சுட்டுத் தேறிட்டான். கண்ணை வேற மூடிட்டான் பாருங்க. இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், திட்டு வாங்கற சத்தத்துக்கு ஓடி வந்த நாயை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

மாமியார்: அவனுக்கு நான் வாயை மூடினாத்தான் பயம் தம்பி. மூணு வருஷமா இவளைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கறான். டேய் துரை... துரைக்கண்ணு... ஜெயிச்சுட்டடா. உன்னை எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுடா இனிமே.

மருமகள்: எட்டு. சார், எட்டாவது ஆண்.

பரிசோதகர்: எட்டு. வருஷக் கடைசியில ஒரு பெட்டையைக் கூட்டிட்டு வர்றேன். நல்லா அமைஞ்சா அறுபத்து மூணுங்கறது எழுபதைத் தாண்டிடும். சங்கத்துல சொன்னா இன்னைக்கு யாரும் வேலை பார்க்க மாட்டாங்க.

மாமியார்: சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கூண்டு வண்டியை எடுங்க. என் கடை வாசல்ல வாடிக்கைக்காரங்க நிக்க இடம் இல்லை.

மருமகள்: இவ்வளவு நேரம் கூலிக்காரின்னு சொன்னீங்களே அத்தை?

மாமியார்: அது அப்போ. இது என் கடை, என் வீடு, என் நாய். சொந்தக்காரங்க எவனாவது கேட்டா, ஒண்ணு நான் இல்லை நாய்னு சொன்னியேன்னு கேட்டா, ரெண்டும்தான்னு சொல்லு. ...ஆனா அந்தக் கோட்டுக்கு என்ன பதில் சொல்றது?

மருமகள்: கோட்டுக்கு ஒண்ணும் ஆகலை. வெள்ளையாத்தான் இருக்கு. உங்க வாயைத் திறக்க எனக்கு வேற வழி தெரியலை.

மாமியார்: இந்த ஓட்டல் பெட்ஷீட்டு?

மருமகள்: அவங்க திங்கக்கிழமைக்குத்தான் கேட்டாங்க. நீங்க வீட்ல இருக்கணுமேன்னு...

மாமியார்: பார்த்தீங்களா தம்பி. பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை பண்ணியிருக்கா.

பரிசோதகர்: உங்க குடும்ப வழக்கை நீங்க பார்த்துக்குங்க. நான் எழுதறேன். இடது பக்கம், துரை. ஆண். புகை நிறம். வலது பக்கம்... இவனும் நீங்களும் சேர்ந்து தினமும் பண்ற காரியம் ஒண்ணு சொல்லணும்மா. அந்த ரயில்வே கேட் அம்மா ஆரம்பிச்ச வழக்கம். ஓடறது, நடக்கிறது, ஏதாவது ஒண்ணு. அதையும் எழுதினாத்தான் பக்கம் முடியும்.

மாமியார்: அது... இவளை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது.

மருமகள்: சொல்லுங்க அத்தை.

மாமியார்: தூங்குவோம். மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும். மாடியில, என் கட்டில்ல. அவன் சுவத்துப் பக்கம், நான் இந்தப் பக்கம். உன் மாமனார் போனதுலேருந்து எனக்குத் தூக்கம்னு ஒண்ணு கிடையாதும்மா. இவன் முதுகைச் சாய்ச்சுக்கிட்டுப் படுத்தாத்தான் கண்ணு சொக்கும். நீ துணி மூட்டையைத் தூக்கிட்டு வீடு வீடா குடுக்கப் போயிருப்பே. நாலு மணிக்குள்ள எழுந்து, போர்வையை உதறி, அவனைச் சாக்கு மேல கொண்டு வந்து படுக்க வச்சுடுவேன். என்னைக்காவது ஒரு நாள் நீ சீக்கிரம் வந்து பார்த்துடுவியோன்னு மூணு வருஷமா பயம். எப்படியோ ஒரு நாள்கூட நீ முன்னாடி வரலை.

மருமகள்: ரெண்டு மணிக்கு எந்த வீட்லயும் துணி வாங்க ஆள் இருக்க மாட்டாங்க அத்தை, எல்லாத்தையும் காலையிலயே குடுத்துடுவேன்... மூட்டையில ஒண்ணும் இருக்காது, அதைத் தூக்கிட்டுப் போய் எதிர்ச் சந்து பேக்கரிப் படியில உக்காந்திருப்பேன், உங்க ரெண்டு பேர் தூக்கமும் கலையக் கூடாதேன்னு.